ஃபிரான்சைஸ் உணவகத்துக்கு இடம் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஃபிரான்சைஸ் முறையில் உணவகம் தொடங்குகிறவருக்குப் பெயர், சமையல் முறை, விலைப்பட்டியல், சீருடை, விளம்பரம் அனைத்தும் அந்தப் பெயரின் உரிமையாளரான நிறுவனத்திடமிருந்து வந்துவிடுகின்றன. அவராகத் தீர்மானிக்க மிஞ்சுபவை வெகு சில; அவற்றுள் மிகப் பெரியது இடம். கடையைத் திறந்த பிறகு ஊழியரை மாற்றலாம், வேலை நேரத்தை மாற்றலாம், நிறுவனம் அனுமதித்தால் பட்டியலில் சிலவற்றைக்கூட மாற்றலாம். இடத்தை மட்டும், உட்புற வேலைகளுக்குப் போட்ட முதலீடு முழுவதையும் இழக்காமல் மாற்ற முடியாது.

"எங்கள் குழு நேரில் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் கடை வரும்" என்று நிறுவனம் சொல்லும்போது பலர் பாதி வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்த ஒப்புதல், குறைந்தபட்சத் தகுதி உள்ள இடம் என்று மட்டுமே சொல்கிறது. அது வெற்றிக்கான உத்தரவாதம் அல்ல என்ற வாசகம் பெரும்பாலான ஒப்பந்தங்களிலேயே இருக்கும். இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. நிறுவனம் உங்களிடம் வாங்கும் ராயல்டி, அதாவது அதன் பெயரையும் முறையையும் பயன்படுத்துவதற்கான கட்டணம், விற்பனையின் மீது கணக்கிடப்படுகிறது. உங்கள் வாடகையோ விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் உங்கள் கையிலிருந்து போகிறது. ஆகவே, விற்பனை மிக அதிகமாகவும், வாடகை அந்த விற்பனையாலும் தாங்க முடியாத அளவுக்கு அதிகமாகவும் உள்ள ஓர் இடம் நிறுவனத்துக்கு நல்ல இடம், உங்களுக்குக் கெட்ட இடம். இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

படி 1: இடம் தேடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது எல்லை உரிமை. உங்கள் கடையைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்குள் அதே பெயரில் இன்னொரு கடை வராது என்று எழுதியிருக்கிறதா, அல்லது எல்லையே கொடுக்கப்படவில்லையா என்று பாருங்கள். எல்லை கொடுக்கப்பட்டிருந்தால் அதன் விதிவிலக்குகளை இன்னும் கவனமாகப் படியுங்கள். விமான நிலையம், ரயில் நிலையம், பல்கலைக்கழகம், மருத்துவமனை, டெலிவரிக்கு மட்டும் இயங்கும் சமையற்கூடம், ஆன்லைன் விற்பனை ஆகியவற்றை நிறுவனம் தன் வசம் வைத்துக்கொள்வது வழக்கம். நீங்கள் கண்டெடுத்த இடத்தின் எதிரிலேயே ஒரு பெரிய மருத்துவமனை இருந்து, அதன் வளாகத்துக்குள் இன்னொருவர் அதே பெயரில் கடை போடலாம் என்றால், அந்த எல்லை உரிமைக்கு அதிக மதிப்பில்லை.

அடுத்தது காலக்கெடு. ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து இத்தனை மாதத்துக்குள் இடத்தை உறுதிசெய்ய வேண்டும், தவறினால் கட்டிய கட்டணம் திரும்பாது என்ற நிபந்தனை இருந்தால், கடைசி மாதத்தில் கிடைத்த இடத்தை எடுத்துக்கொள்ளும் நெருக்கடி உங்களுக்கு வரும். மோசமான இடங்களில் கணிசமானவை இந்த அவசரத்தில் எடுக்கப்பட்டவை என்பதே என் எண்ணம். கையெழுத்திடும் முன்பே கால நீட்டிப்பை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இயன்றால், இரண்டு மூன்று இடங்களையாவது பார்த்து வைத்துக்கொண்டு பிறகு கையெழுத்திடுங்கள்.

மூன்றாவது, கட்டடம் யார் கையில் இருக்கும் என்ற கேள்வி. மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1956-இல் ஹாரி சோன்போர்னின் யோசனைப்படி ஃபிரான்சைஸ் ரியாலிட்டி கார்ப்பரேஷன் என்ற துணை நிறுவனத்தைத் தொடங்கி, இடங்களைத் தானே குத்தகைக்கு எடுத்து, கூடுதல் வாடகை வைத்துக் கடை நடத்துகிறவர்களுக்கு உள்வாடகைக்கு விட்டது. உங்கள் நிறுவனமும் இந்த முறையைப் பின்பற்றினால், ராயல்டி வாங்குகிறவரும் வாடகை வாங்குகிறவரும் ஒருவரே ஆகிவிடுகிறார். ஓர் ஒப்பந்தத்தை மீறினால் மற்றதும் முறியும்படி இரண்டும் பிணைக்கப்பட்டிருக்கும். அப்போது இடத்தின் அசல் வாடகை எவ்வளவு, அதன் மேல் உங்களிடம் எவ்வளவு கூட்டி வாங்கப்படுகிறது என்று கேட்பது உங்கள் உரிமை.

சில நாடுகளில் இந்தத் தகவல்களைத் தரச் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. அமெரிக்காவில், ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கோ பணம் கைமாறுவதற்கோ குறைந்தது 14 நாட்களுக்கு முன் 23 தலைப்புகள் கொண்ட வெளிப்படுத்தல் ஆவணத்தைக் கொடுக்க வேண்டும். அதன் 12-ஆம் தலைப்பில் எல்லை உரிமையும், 20-ஆம் தலைப்பில் திறந்த, மூடிய, கைமாறிய கடைகளின் கணக்கும் இருக்கும். பிரான்சில் 1989-ஆம் ஆண்டுச் சட்டம் 20 நாள் அவகாசம் கொடுக்கிறது. அப்படிச் சட்டம் இல்லாத நாட்டிலும் அதே கேள்விகளை எழுத்தில் கேட்க எந்தத் தடையும் இல்லை. குறிப்பாக, மூடப்பட்ட கடைகளின் முகவரிகளைக் கேளுங்கள். நன்றாக ஓடும் கடைகளைக் காட்ட எல்லா நிறுவனங்களுக்கும் விருப்பம் உண்டு. இடம் பற்றிய பாடம் மூடிய கடைகளில்தான் அதிகம்.

படி 2: எவ்வளவு வாடகை தாங்கும் என்று கணக்கிடுங்கள்

இடத்தைப் பார்த்துவிட்டு வாடகையைப் பற்றி யோசிப்பது தலைகீழ் முறை. கண்ணுக்குப் பிடித்த இடம் கிடைத்துவிட்டால், அந்த வாடகைக்கு ஏற்றபடி விற்பனை மதிப்பீட்டை ஏற்றிக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆகவே முதலில் எண்ணைத் தீர்மானித்துவிட்டுப் பிறகு தெருவில் இறங்குங்கள்.

மாத விற்பனை 100 என்று வைத்துக்கொள்வோம். மூலப்பொருளும் பேக்கிங்கும் 34, ராயல்டி 6, விளம்பர நிதி 3, கார்டு கட்டணம் முதலிய சில்லறைச் செலவுகள் 3 என்றால், விற்பனையோடு ஏறி இறங்கும் செலவு 46. சம்பளம் 25, மின்சாரம், பழுதுபார்ப்பு முதலியவை 9, இடச் செலவு 10 என்றால், விற்பனை குறைந்தாலும் அவ்வளவாகக் குறையாத செலவு 44. மீதி 10. இந்த 10-இல்தான் கடன் தவணை, வரி, உங்கள் வருமானம் மூன்றும் அடங்க வேண்டும். இவை எடுத்துக்காட்டு எண்களே. உங்கள் நிறுவனத்தின் கடைகளிலிருந்து கிடைக்கும் எண்களை இவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனை 80-ஆகக் குறைந்தால் ஏறி இறங்கும் செலவு 36.8 ஆகும், நிலையான 44-ஐக் கூட்டினால் 80.8. அதாவது, விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததும் உங்களுக்கு நட்டம் வந்துவிடுகிறது. அதே மாதத்தில் நிறுவனத்துக்கு ராயல்டியும் விளம்பர நிதியுமாக 7.2 போய்ச் சேர்ந்திருக்கும்.

இப்போது இடச் செலவை 10-இலிருந்து 15-ஆக உயர்த்திப் பாருங்கள். "வாடகை 5 கூடினால் விற்பனை 5 கூட வேண்டும், அவ்வளவுதானே" என்று தோன்றும். கூடுதலாக விற்கும் ஒவ்வொரு 100-இலும் 54 மட்டுமே கையில் நிற்பதால், பழைய மீதியான 10 கிடைக்க விற்பனை 109-ஐத் தாண்ட வேண்டும். முக்கிய மூலையில் உள்ள கடைக்கும் நான்கு கடை தள்ளி உள்ள கடைக்கும் இடையே முடிவெடுக்க இந்தக் கணக்கு போதும்: மூலைக் கடை அந்த அளவுக்குக் கூடுதல் விற்பனையைத் தருமா, தராதா?

இடச் செலவு என்று சொல்லும்போது வாடகையை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பொதுப் பராமரிப்புக் கட்டணம், கட்டடத்துக்கான வரி, காப்பீடு, வளாக விளம்பரக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். இந்த மொத்தம் விற்பனையில் 6 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உணவகத் தொழிலில் நெடுங்காலமாகக் கையாளப்படும் அளவுகோல். அதைத் தாண்டினால் தவறு என்று சட்டமில்லை; தாண்டும்போது மூலப்பொருளிலோ சம்பளத்திலோ எங்கே அதை ஈடுகட்டப் போகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 3: நன்றாக ஓடும் கடைகளின் ஜாதகத்தை எழுதுங்கள்

கடை இருப்பிட ஆய்வில் வில்லியம் ஆப்பிள்பாம் உருவாக்கிய ஒப்புமை முறை இன்றும் பயன்படுகிறது. புதிய கடையின் விற்பனையைக் கற்பனையில் மதிப்பிடாமல், அதேபோன்ற சூழலில் ஏற்கெனவே இயங்கும் கடைகளின் அனுபவத்திலிருந்து மதிப்பிடுவதே அதன் சாரம். ஃபிரான்சைஸ் எடுப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. அவருக்கு முன்னால் ஒரே பட்டியல், ஒரே விலை, ஒரே அலங்காரம் கொண்ட பல கடைகள் இருக்கின்றன, அவற்றுக்கிடையே மாறுவது பெரும்பாலும் இடமும் நடத்துபவரும் மட்டுமே.

ஐந்தாறு கடைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுள் குறைந்தது இரண்டு சுமாராக ஓடுபவையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். வாடிக்கையாளர் எங்கிருந்து வருகிறார்கள், நடந்தா வாகனத்திலா, எந்த நேரத்தில் கூட்டம், எத்தனை பேராக வருகிறார்கள், அமர்ந்து உண்பது எவ்வளவு, வாங்கிப் போவது எவ்வளவு, டெலிவரி எவ்வளவு, அருகில் கூட்டம் சேர்ப்பது எது என்பவற்றைக் குறித்துக்கொண்டால், சில நாட்களில் ஓர் உருவம் தெளிவாகும். அலுவலக மதிய நேரத்தை நம்பி ஓடும் பெயரைக் குடியிருப்புப் பகுதியில் கொண்டுபோய் வைத்தால் மதியம் காலியாக இருக்கும். குடும்பங்கள் இரவில் வரும் பெயரை அலுவலகப் பகுதியில் வைத்தால் வார இறுதியில் ஊழியர் மட்டுமே இருப்பார்கள்.

படி 4: வணிக எல்லையை வரையுங்கள்

வரைபடத்தில் கடையை மையமாக வைத்து வட்டம் போடுவது எளிது. அது ஏமாற்றுவதும் எளிது. 3 கி.மீ. ஆர வட்டத்துக்குள் ஏறத்தாழ 28 சதுர கி.மீ. அடங்கும். நடுவே ஒரு ரயில் பாதை குறுக்கிட்டு, கடப்பதற்கு ஒரே ஒரு பாலம் இருந்தால், அந்தப் பக்கத்து மக்கள்தொகை உங்கள் கணக்கில் இருக்கும், கடைக்குள் இருக்காது. ஆறு, விரைவுச் சாலை, சுற்றுச்சுவர் கொண்ட பெரிய வளாகம் எல்லாம் இதே வேலையைச் செய்யும். ஆகவே தூரத்தை விட்டுவிட்டு நேரத்தால் எல்லை போடுங்கள்: நடந்து 7 நிமிடம், வாகனத்தில் 10 நிமிடம் என்பதுபோல. உணவு நேரத்திலேயே அந்தப் பாதைகளில் போய்ப் பார்த்து வரையுங்கள்.

எல்லைக்குள் உள்ளவர்கள் எல்லோரும் உங்களிடம் வரப்போவதில்லை. 1931-இல் வில்லியம் ரெய்லி, ஊர்களின் வணிக ஈர்ப்பு மக்கள்தொகைக்கு நேர் விகிதத்திலும் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்திலும் அமைவதாகச் சொன்னார். 1960-களில் டேவிட் ஹஃப் அதைக் கடைகளின் அளவுக்குக் கொண்டுவந்து, ஒரு வாடிக்கையாளர் எந்தக் கடைக்குப் போகும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடும் முறையைத் தந்தார். ஒரு குடியிருப்பிலிருந்து உங்கள் கடை 5 நிமிடம், அளவு 100 என்றும், போட்டிக் கடை 10 நிமிடம், அளவு 300 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அளவை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உங்களுக்கு 4, அவர்களுக்கு 3. ஆக அந்தக் குடியிருப்பில் உங்கள் பங்கு 57 சதவீதம். மாலை நெரிசலில் உங்கள் 5 நிமிடம் 7 நிமிடமாகிவிட்டால் பங்கு ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. வெறும் இரண்டு நிமிடம் செய்யும் வேலை இது. வர்க்கம்தான் சரியான அடுக்கு என்பதில்லை, தொழிலுக்குத் தொழில் அது மாறும். ஆனாலும் நேரத்தின் விலையைப் புரிந்துகொள்ள இந்த எளிய கணக்கு உதவும்.

படி 5: தெருவில் நின்று எண்ணுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் தவிர்க்கிறார்கள், அல்லது தரகர் கொடுக்கும் எண்ணை அப்படியே ஏற்கிறார்கள். தரகரின் எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது பெரும்பாலும் நாள் முழுவதும், இரு பக்கமும், எல்லா வாகனங்களையும் சேர்த்த எண்ணாக இருக்கும். உங்களுக்குத் தேவை, உங்கள் வாசலைக் கடக்கிறவர்கள், உங்கள் வியாபார நேரத்தில்.

கைக்கு அடக்கமான எண்ணும் கருவி ஒன்று போதும். ஒவ்வொரு மணி நேரத்திலும் 15 நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குங்கள். இரண்டு வேலை நாட்கள், ஒரு வெள்ளி இரவு, சனி, ஞாயிறு, முடிந்தால் ஒரு மழை நாள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பண்டிகை வாரத்தையும் விடுமுறைக் காலத்தையும் தவிருங்கள். தனியாகப் போகிறவர்கள், குடும்பமாகப் போகிறவர்கள், அவசரமாகப் போகிறவர்கள் என்று மூன்று பத்திகளில் குறித்துக்கொள்வது நல்லது. பேருந்தைப் பிடிக்க ஓடும் ஆயிரம் பேரைவிடக் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்கும் முந்நூறு பேர் உங்களுக்கு அதிகம் பயன்படுவார்கள்.

போட்டிக் கடையின் வியாபாரத்தை அறியத் தொழிலில் பழைய வழி ஒன்று உண்டு. மதியக் கூட்டம் தொடங்கும்போது சிறிதாக ஏதாவது வாங்கிப் பில்லை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று வாங்குங்கள். இரண்டு பில் எண்களின் வித்தியாசம் அந்த ஒரு மணி நேரத்தின் வியாபாரம். கவுன்ட்டருக்கு ஒரு வரிசை எண் ஓடும் கடைகளில் எல்லாக் கவுன்ட்டரிலும் வாங்கிப் பார்க்க வேண்டியிருக்கும். டெலிவரி ஆர்டர்களுக்குத் தனி எண் வரிசை இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

சாலையோரக் கடையாக இருந்தால் நடப்பவர்களைவிட வாகனங்கள் முக்கியம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடுகிறது. பெயர்ப் பலகையைப் பார்த்து, நிறுத்தலாம் என்று முடிவெடுத்து, வேகத்தைக் குறைத்துத் திரும்ப 8 நொடி வேண்டும் என்றால், பலகை 110 மீட்டருக்கு முன்பே தெளிவாகத் தெரிய வேண்டும். நீங்களே அந்தச் சாலையில் இரு திசைகளிலும் ஓட்டிப் பாருங்கள். ஒரு முறை பகலில், ஒரு முறை இரவில். மரக்கிளை, மேம்பாலத் தூண், பக்கத்துக் கடையின் பெரிய பலகை, வளைவு ஆகியவை வரைபடத்தில் தெரியாதவை.

சாலையின் எந்தப் பக்கம் என்பதும் சாதாரண விஷயமல்ல. நடுவே தடுப்பு இருந்தால் எதிர்ப்பக்க வாகனங்கள் உங்களைப் பார்க்கும், ஆனால் வராது. காலை உணவை நம்பும் கடை வேலைக்குப் போகும் பக்கத்திலும், இரவு உணவை நம்பும் கடை வீடு திரும்பும் பக்கத்திலும் இருப்பது நல்லது. சிக்னலுக்குச் சற்று முன்னால் உள்ள கடையின் நுழைவாயில், சிவப்பு விளக்கில் நிற்கும் வாகன வரிசையால் அடைபடும்; சிக்னலைத் தாண்டியதும் வரும் கடைக்குள் திரும்புவது எளிது. காரில் இருந்தபடியே வாங்கிச் செல்லும் டிரைவ்-த்ரூ வைக்கும் எண்ணம் இருந்தால், வரிசையில் நிற்கும் ஒவ்வொரு காருக்கும் சுமார் 6 மீட்டர் கணக்கிடுங்கள். பத்து கார் என்றால் 60 மீட்டர் வரிசை சாலைக்கு வராமல் வளாகத்துக்குள் அடங்க வேண்டும்.

படி 6: போட்டியாளரையும் சொந்தப் பெயர்க் கடைகளையும் பாருங்கள்

போட்டியே இல்லாத இடம் கிடைத்ததாக மகிழ்கிறவர்கள், ஏன் இல்லை என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஹெரால்ட் ஹோட்டலிங் 1929-இல் எழுதிய கட்டுரையில், ஒரே தெருவில் ஒரே பொருளை விற்கும் இருவர் தெருவின் நடுவில் அருகருகே வந்து சேர்வது ஏன் என்று விளக்கினார். உணவகங்கள் கூட்டமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கே உண்பது என்று முடிவெடுக்காமலேயே மக்கள் அத்தகைய தெருவுக்குக் கிளம்பி வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. உங்களுடையதிலிருந்து வேறுபட்ட உணவு விற்கும் கடைகள் சூழ இருப்பது பெரும்பாலும் நன்மை. அதே உணவு, அதே விலை, அதைவிடப் பழைய பெயர் என்றால் யோசிக்க வேண்டும்.

உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே அருகில் இயங்கும் இன்னொரு கடைதான் உண்மையில் கடினமான போட்டியாளர். வாடிக்கையாளருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது; அருகில் எது இருக்கிறதோ அங்கே போவார். நிறுவனத்துக்கு இரண்டு கடைகளின் மொத்த விற்பனை கூடினால் போதும். அதில் உங்கள் விற்பனை குறைந்து பக்கத்துக் கடையின் விற்பனை ஏறினாலும் ராயல்டி கூடவே செய்யும்.

படி 7: கட்டடத்தைச் சமையற்காரரின் கண்ணால் பாருங்கள்

துணிக்கடைக்கு அருமையான கடை உணவகத்துக்கு உதவாமல் போகலாம். முதலில் கேட்க வேண்டியது: சமையலறைப் புகை எந்த வழியாக வெளியேறும்? எக்ஸாஸ்ட் குழாய் கூரைக்குமேல் போக வேண்டும் என்று விதி இருந்து, இடையே மூன்று மாடிகள் வேறு உரிமையாளர்களுடையவை என்றால், ஒவ்வொருவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். மேலே குடியிருப்பு இருந்தால், சம்மதம் கிடைத்த பிறகும் வாசனை, ஓசை பற்றிய புகார்கள் தொடரும். மற்ற எல்லாம் பொருந்தியும் குழாய்க்கு வழியில்லாததால் கைவிட வேண்டிவரும் இடங்கள் உண்டு; அதை முன்பணம் கொடுக்கும் முன் கண்டுபிடிப்பதே சாமர்த்தியம்.

அதன் பிறகு மின்சுமை. அடுப்புகள், ஃப்ரையர், குளிர் அறை, ஏ.சி. எல்லாவற்றுக்கும் தேவையான கிலோவாட் அளவை நிறுவனம் தரும். கட்டடத்தில் அனுமதிக்கப்பட்ட சுமை எவ்வளவு, கூட்ட வேண்டுமானால் டிரான்ஸ்ஃபார்மர் இடம் கொடுக்குமா, செலவு யாருடையது, எத்தனை மாதம் ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். கழிவுநீர்க் குழாய்க்குப் போதிய சரிவு இருக்கிறதா, எண்ணெய்க் கழிவைப் பிடிக்கும் கிரீஸ் டிராப்பை எங்கே வைக்கலாம், அதைத் திறந்து சுத்தம் செய்ய வழி இருக்கிறதா, குளிர் அறையின் எடையைத் தளம் தாங்குமா, சரக்கு வண்டி எங்கே நிற்கும், குப்பை எந்த வழியாகப் போகும் ஆகியவற்றை நிறுவனத்தின் பொறியாளரையும் கூட்டிக்கொண்டு நேரில் பார்த்து முடிவெடுங்கள்.

பரப்பளவில் ஒரு எச்சரிக்கை. சில கட்டடங்களில் நடைபாதை, மாடிப்படி ஆகியவற்றின் பங்கையும் சேர்த்த பரப்புக்கு வாடகை கேட்பார்கள். கதவுக்குள் நாடா பிடித்து அளந்த பரப்பே உங்கள் கணக்குக்கு உதவும். அது 1,500 சதுர அடி என்றால், சமையலறை, கிடங்கு, கழிப்பறைக்கு 600, கவுன்ட்டருக்கும் வரிசைக்கும் 200 போக 700 மிஞ்சும். ஒருவருக்கு 14 சதுர அடி என்றால் 50 இருக்கைகள். நால்வர் மேசையில் இருவர் அமர்வதே அதிகம் என்பதால் 50 இருக்கையும் ஒரே நேரத்தில் நிரம்பாது. டெலிவரி மிகுந்த கடைக்கு இருக்கையைவிட, ஆர்டர் எடுக்க வருகிறவர்கள் நிற்கவும் வண்டியை நிறுத்தவும் இடம் முக்கியம். அவர்கள் வாசலை அடைத்து நின்றால் அமர்ந்து உண்ண வருகிறவர் திரும்பிப் போய்விடுவார்.

அந்த இடத்தில் முன்பு இருந்த கடைகளின் வரலாற்றையும் விசாரியுங்கள். அடிக்கடி ஆள் மாறும் இடத்தை ராசியில்லாத இடம் என்று சொல்லிவிடுகிறார்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் பேசிப் பார்த்தால், வாசலில் மூன்று படிகள், வண்டி நிறுத்த வழியில்லாமை, ஆண்டுதோறும் ஏறும் வாடகை என்று கண்ணுக்குத் தெரியும் காரணமே பெரும்பாலும் வெளிவரும்.

படி 8: அனுமதிகள்

நிலப் பயன்பாட்டு விதி, கட்டட நிறைவுச் சான்று, தீயணைப்பு, சுகாதாரம், பெயர்ப் பலகை, வெளியே மேசை போடுவது, இரவு நேர வியாபாரம் ஆகியவற்றின் விதிகள் ஊருக்கு ஊர் மாறும். எதுவாக இருந்தாலும், "மற்றவர்கள் நடத்துகிறார்களே" என்பதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். பழைய கடைகள் பழைய விதியில் அனுமதி பெற்றிருக்கக்கூடும். திட்டமிடப்பட்ட சாலைப் பணிகள், மேம்பாலம், மெட்ரோ வேலை ஏதேனும் உண்டா என்றும் உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். வாசலை இரண்டு ஆண்டுகள் தகர வேலி மறைத்தால் எந்தப் பெயரும் காப்பாற்றாது.

படி 9: விற்பனையை மதிப்பிட்டு, அதைச் சோதியுங்கள்

நாள் முழுவதும் 5,400 பேர் கடக்கும் வாசலில் 2 சதவீதம் பேர் வாங்கினால் 108 பில். 3 சதவீதம் என்றால் 162 பில். காகிதத்தில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம், விற்பனையில் ஒன்றரை மடங்கு. எனவே அந்தச் சதவீதத்தை ஊகித்து எழுதக் கூடாது. படி 3-இல் பார்த்த கடைகளின் வாசலிலும் இதே முறையில் எண்ணி, அவற்றின் பில் எண்ணிக்கையைக் கடந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் உண்மையான விகிதம் கிடைக்கும். சுமாராக ஓடும் கடையின் விகிதத்தை உங்கள் அடிப்படை மதிப்பீடாகவும், நன்றாக ஓடும் கடையின் விகிதத்தை நம்பிக்கையான மதிப்பீடாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

டெலிவரி விற்பனையைத் தனியாக எழுதுங்கள். மொத்த 100-இல் 30 செயலிகள் மூலம் வந்து, அவற்றின் கமிஷன் 25 சதவீதம் என்றால் 7.5 போய்விடுகிறது, படி 2-இல் மிஞ்சிய 10-இல் முக்கால் பங்கு அது. கமிஷன் கழிக்கும் முன் உள்ள தொகைக்கு ராயல்டி கணக்கிடப்படுகிறதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

அடிப்படை மதிப்பீட்டிலிருந்து 20 சதவீதத்தைக் குறைத்த பிறகும் கடை தன் செலவைத் தானே தாங்குமா என்று பாருங்கள். தாங்காத இடம், நிறுவனம் எவ்வளவு பாராட்டினாலும், உங்கள் இடம் இல்லை. அந்த நிலையில் வாடகையைக் குறைத்துப் பேசலாம், சிறிய பரப்பைக் கேட்கலாம், அல்லது பட்டியலில் அடுத்த இடத்துக்குப் போகலாம்.

படி 10: குத்தகை ஒப்பந்தம்

இங்கே வழக்கறிஞர் தேவை. வீட்டு வாடகைப் பத்திரம் எழுதிப் பழகியவர் போதாது, வணிகக் குத்தகையையும் ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். இரண்டின் காலமும் பொருந்த வேண்டும் என்பது முதல் விதி. ஃபிரான்சைஸ் 10 ஆண்டு, குத்தகை 5 ஆண்டு என்றால், ஐந்தாம் ஆண்டில் உரிமையாளர் கேட்கும் வாடகையைக் கொடுப்பதைத் தவிர உங்களுக்கு வழியிருக்காது. குத்தகை 10 ஆண்டு, ஃபிரான்சைஸ் 5 ஆண்டு என்றால், பெயரில்லாத கடைக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்க நேரலாம்.

நிறுவனத்தின் இட ஒப்புதலும் தேவையான அரசு அனுமதிகளும் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைத்து ஒப்பந்தம் முடிவுக்கு வரும் என்ற நிபந்தனையைக் கேளுங்கள். வாடகை எந்த நாளில் தொடங்கும் என்பதைத் தேதியாக எழுதாமல், மின் இணைப்பு உட்படக் கட்டடம் வேலைக்குத் தயாராக ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து இத்தனை நாள் கழித்து என்று எழுதுங்கள். உட்புற வேலை நடக்கும் மாதங்களுக்கு வாடகை விலக்கு கேட்பது வழக்கமே, கேட்காதவருக்குக் கிடைக்காது.

ஷாப்பிங் மால்களில் அடிப்படை வாடகையோடு விற்பனையில் ஒரு பங்கும் கேட்பார்கள். அடிப்படை வாடகை 60, பங்கு 6 சதவீதம் என்றால், 60-ஐ 6 சதவீதத்தால் வகுத்து வரும் 1,000 என்ற விற்பனை வரை பங்கு கேட்கக் கூடாது. அதைத் தாண்டிய விற்பனைக்கு மட்டும் என்பதே இயல்பான எல்லை. மாலில் கூட்டத்தை ஈர்க்கும் பெரிய கடை அல்லது திரையரங்கு மூடினால் வாடகை குறையும் என்ற விதியையும் கேளுங்கள். ஃபுட் கோர்ட் கடைகளைப் பற்றி என் கருத்து இது: இருக்கைச் செலவு இல்லை என்ற கவர்ச்சியில் எடுக்கிறார்கள், ஆனால் மாலின் தலையெழுத்தே உங்கள் தலையெழுத்தாகிவிடும்; ஆகவே வெளியேறும் உரிமை இல்லாத நீண்ட லாக்-இன் காலத்துக்கு அங்கே கையெழுத்திடாதீர்கள்.

உங்கள் சொந்த ஜாமீன் எவ்வளவு காலத்துக்கு, எவ்வளவு தொகைக்கு என்று வரையறுக்கப்பட வேண்டும். கடையை இன்னொருவருக்கு விற்கும்போது குத்தகையை மாற்றிக்கொடுக்க உரிமையாளர் காரணமின்றி மறுக்கக் கூடாது. நீங்கள் விலகினால் குத்தகையைத் தானே எடுத்துக்கொள்ளும் உரிமையை நிறுவனம் கேட்பது வழக்கம்; அப்படி எடுத்துக்கொண்டால், அந்த நாளிலிருந்து உங்கள் ஜாமீன் விடுபடும் என்றும், நீங்கள் போட்ட உட்புற வேலைகளுக்கு என்ன மதிப்பு கிடைக்கும் என்றும் எழுதப்பட வேண்டும். கட்டடத்தை இடித்துக் கட்டும் உரிமை உரிமையாளருக்கு இருந்தால், குறைந்தபட்சம் உங்கள் முதலீடு மீளும் காலம் வரையாவது அதைப் பயன்படுத்தாமல் தடுக்க வேண்டும்.

படி 11: நிறுவனத்துக்கு அனுப்புவதும் அதன் பிறகும்

உங்கள் எண்ணிக்கைத் தாள்கள், வரைபடம், ஒப்புமைக் கடைகளின் பக்கங்கள், மூன்று நிலை விற்பனை மதிப்பீடு ஆகியவற்றைச் சேர்த்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அவர்களின் மதிப்பீடு உங்களுடையதைவிட அதிகமாக இருந்தால், எந்தக் கடைகளை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் உங்கள் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். "எங்கள் அனுபவம்" என்று மட்டும் வந்தால் உங்கள் எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.

கடை திறந்த பிறகு முதல் சில வாரங்களின் கூட்டத்தைப் புதுமைக்கு வந்த கூட்டமாகவே கருதுங்கள். மூன்று மாதம் கழிந்த பின் வரும் எண்களை மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடப்பவர்கள் எண்ணிக்கை சரியாக இருந்து பில் குறைந்தால் குறை கடைக்குள் இருக்கிறது. கடப்பவர்களே குறைந்துவிட்டால் தெரு மாறியிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது அதே வாசலில், அதே மாதத்தில், அதே முறையில் எண்ணி அந்தத் தாள்களைக் கோப்பில் வையுங்கள். குத்தகையைப் புதுப்பிக்க விரும்புவதை முடிவுத் தேதிக்கு இத்தனை மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்று பத்திரத்தில் இருக்கும். அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்னதாக நாட்காட்டியில் ஒரு குறிப்பு போட்டுவிடுங்கள், உரிமையாளரோடு புதிய வாடகை பேசும்போது அந்தக் கோப்பு உங்கள் மேசையில் இருக்க வேண்டும்.